போன வருடம் தந்தவர்கள் இம்முறை பேசாமல் இருக்கிறார்கள்: பதில்

வணக்கம். மூதூரில் நீங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் போன டிசெம்பரில் காசு அனுப்பிய நாற்பது பேரில் பாதிப்பேர் இம்முறை பதிலே போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இடையில் அவர்களுக்கு ஏதாவது எழுதினீர்களா? திருகோணமலையில் எங்கள் சிறிய வாசிப்புக் குழுவும் அதைத்தான் தவறவிட்டது. காசு கேட்கும்போது மட்டும்தான் பேசினோம். அடுத்த வருடம், அவர்கள் பணத்தில் வாங்கிய புத்தகத்தை ஒரு பிள்ளை வாசிப்பதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் தனித்தனியே அனுப்பினோம் (பெற்றோரிடம் கட்டாயம் அனுமதி வாங்குங்கள்). காசு பற்றி ஒரு சொல் இல்லை. பலர் தாங்களாகவே திரும்பி வந்தார்கள்.

அப்புறம், வெளிநாட்டில் இருந்து காசு தருபவர்களுக்கு வரி ஆண்டும் முக்கியம்: கனடாவில் தனியாட்களின் வரி ஆண்டு டிசெம்பர் 31இல் முடியும், பிரித்தானியாவில் ஏப்ரல் 5. இரண்டு நாட்டிலும், அங்கே பதிவான தொண்டு அமைப்பு வழியாகக் கொடுத்தால்தான் வரிச்சலுகை. ஏப்ரல் வரை நேரம் இருப்பதால் லண்டன்காரரை இப்போதே நெருக்க வேண்டாம். முதலில் அந்த இருபது பேருக்கும் நன்றி மட்டும் சொல்லுங்கள்.