வல்னரபிள் என்றால் பலவீனமா?

கே: லண்டனில் இருக்கும் என் அண்ணன் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். 2020-ல் கொரோனா வந்தபோது, வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று அவருக்குக் கடிதம் வந்தது. அதில் ‘கிளினிக்கலி எக்ஸ்ட்ரீம்லி வல்னரபிள்’ என்று போட்டிருந்ததாம். “என்னைச் சோப்ளாங்கி என்று எழுதிவிட்டார்கள்” என்று இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதுதானா?
– வாசகி, கும்பகோணம்

ப: இல்லவே இல்லை அம்மா. லத்தீனில் ‘வுல்னஸ்’ என்றால் புண், காயம். அதன் வழியே பிறந்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புழங்க ஆரம்பித்த சொல் இது. அடி விழுந்தால் காயம் படும்படி, காப்பில்லாமல் இருக்கும் நிலையைச் சொல்கிறது. ஆளின் பலத்தைப் பற்றி அதில் பேச்சே கிடையாது.

சீட்டு மேசையில் இந்தச் சொல்லோடு நெருங்கிப் பழகியவன் நான். இரண்டு ஜோடிகள் மோதும் ‘ரப்பர் பிரிட்ஜ்’ என்ற சீட்டாட்டத்தில் முதல் கேமை ஜெயித்த ஜோடிதான் ‘வல்னரபிள்’! முன்னேறி நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் இத்தனை பிடி (ஜெயிக்கும் சுற்று) எடுப்போம் என்று ஏலத்தில் சொன்னதைவிட ஒன்று குறைந்தால், மற்றவர்களுக்கு 50 புள்ளி தண்டம் என்றால் இவர்களுக்கு 100. 1925-ல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர், பனாமா கால்வாய் வழியாகப் போன ‘ஃபின்லாண்ட்’ கப்பலில் இந்தக் கணக்குமுறையை ஆடிப் பார்த்தார். உடன் வந்த ஓர் இளம்பெண் எடுத்துக்கொடுத்த சொல் இது என்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முதுமலைக் காட்டெருமையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். வேட்டையும் காடழிப்பும் துரத்துவதால், உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் கணிக்கும் ஐயுசிஎன் என்ற உலக அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அதுவும் ‘வல்னரபிள்’தான். அதைச் சோப்ளாங்கி என்று யாராவது சொல்வார்களா?

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தாக்கிவிடக் கூடாதே என்று, எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை அவர் விடாமல் சாப்பிட வேண்டும். புதுக் கிருமி வந்தால் தடுக்கும் காவல் அவருக்குக் குறைவு. அதனால்தான் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களை, கடிதம் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலில் முதல் வரிசையில் சேர்த்தார்கள். கடிதம் வந்தவர்கள் பதிவு செய்துகொண்டால், மளிகைச் சாமான் பெட்டி இலவசமாக வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தச் சொல் அவருக்கு வாங்கிக்கொடுத்த உரிமை அது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.