மருத்துவச்சிப் படிப்புக்கு அரசு நிதி: சீட்டைக் கூட்டுமுன் பிரசவத்தை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு 20 சீட். நிதி கிடைத்தால் 60 ஆக்கலாம் என்கிறது நிர்வாகம். வகுப்பறை, விடுதி எல்லாம் தயார். வேறென்ன பார்க்க வேண்டும் மேடம்?

பதில்: லேபர் வார்டு பதிவேட்டைப் பாருங்கள், வகுப்பறை அப்புறம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு மாணவி குறைந்தது 40 பிரசவங்களைத் தானே நடத்த வேண்டும். கேஸ் போதாத இடத்தில் 30 வரை இறங்கலாம், ஆனால் மேலும் 20 பிரசவங்களில் உதவியாக நின்றிருக்க வேண்டும். கர்ப்பகாலப் பரிசோதனைகள் 100 தனி.

60 சீட் என்றால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் 2,400 பிரசவம். உங்கள் மருத்துவமனையில் ஆண்டுக்கு 4,000 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்று சிசேரியனுக்குப் போனால் மீதி சுமார் 2,650. சிக்கலான கேஸ்கள், தலை தெரியும் நிலையில் வந்து சேர்பவர்கள், மாணவி வேண்டாம் என்று மறுக்கும் தாய்மார்கள், அதே வார்டில் காத்து நிற்கும் மருத்துவ, செவிலிய மாணவர்கள் என்று இதில் பாதி கழிந்தால் கையில் 1,300தான். 32 பேருக்குத்தான் போதும். அதற்கு மேல் சீட் வேண்டுமானால் இரண்டாவது மருத்துவமனையோடு ஒப்பந்தம் முதலில், சேர்க்கை பிறகு.

கேள்வி: குறைகிற எண்ணிக்கையைப் பயிற்சி பொம்மைகளை வைத்து ஈடுகட்டலாமா?

பதில்: கூடாது. அரிதாக வருவதைப் பழகத்தான் பொம்மை: குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, மூச்சு விடாத குழந்தை. குழந்தைக்குப் பையை அமுக்கி மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கும் பை-மாஸ்க் பயிற்சியையே எடுங்கள். மாஸ்க் விளிம்பில் காற்று கசியும், நெஞ்சு எழாது. புதிதாகப் பழகுகிறவர் பையை இன்னும் வேகமாக அமுக்குவார். முதலில் மாஸ்க்கைப் பதித்து, தலையின் நிலையைச் சரிசெய்யக் கை தானாகப் போக வேண்டும். இது ஒருநாள் பயிலரங்கில் வராது, வந்தாலும் சில மாதங்களில் மறந்துபோகும். வாரம் பத்து நிமிடம், வார்டிலேயே.

ரத்தப்போக்குக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து துணியிலும் பேடிலும் ஊற்றி, எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். ரத்தத்தை அளக்க அளவுக்கோடு போட்ட விரிப்பு எதற்கு என்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டாம்.

கேள்வி: நிதி கேட்டு எழுதும்போது எந்தச் செலவை மறந்துவிடுகிறோம்?

பதில்: வார்டில் கற்றுக்கொடுப்பவரின் நேரத்தை. மாணவி தையல் போடும்போது அனுபவமுள்ள மருத்துவச்சி பக்கத்தில் நின்றாக வேண்டும். அந்த நேரம் அவருடைய மற்ற நோயாளிகளை யார் பார்ப்பது? மாற்று ஆளுக்கும் படித்தொகைக்கும் பணம் போடாவிட்டால் மாணவி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவாள். இரவுப் பணிக்கான வண்டி, தொலைவில் உள்ள மருத்துவமனைக்குத் தங்குமிடம், கையுறை, தையல் நூல் இவையும் விட்டுப்போகும்.

இன்னொன்று: படிப்பு மூன்று ஆண்டு, மானியம் ஓராண்டுக்கு. இரண்டாம் ஆண்டில் பணம் நின்றால் சேர்த்த பிள்ளைகள் நடுவில் தவிப்பார்கள். சேர்த்த பேட்ச் முடியும்வரை நிதி என்ற வாசகத்தை ஆணையிலேயே கேட்டு வாங்குங்கள். கட்டடத்துக்கு ஒருமுறைப் பணம் எளிதாகக் கிடைக்கும், சம்பளத்துக்குத்தான் இழுபறி.

கேள்வி: செவிலியருக்குக் கூடுதல் பயிற்சியா, செவிலியர் படிப்பு இல்லாமலே சேரும் நேரடிப் படிப்பா? எதில் பணம் போடுவது நல்லது?

பதில்: சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பின் அளவுகோலில் நேரடிப் படிப்பு குறைந்தது 3 ஆண்டு, செவிலியருக்கு 18 மாதம். அவசரத்துக்குச் செவிலியர் வழி. ஆனால் அந்த 18 மாதமும் ஒரு செவிலியர் வார்டில் இல்லை, சம்பளமும் கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தை நிரப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அது அவ்வளவு மலிவாகத் தெரியாது.

கேள்வி: படித்து முடித்தவர்கள் வேறு வார்டுக்கு மாற்றப்படுகிறார்களே?

பதில்: மருத்துவச்சி என்ற பெயரில் பணியிடம் இல்லையென்றால் அப்படித்தான் ஆகும். உலகில் 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2021 அறிக்கை சொன்னது. சீட்டைக் கூட்டினால் மட்டும் அது தீராது. பணியிடம், பணி வரம்பு இரண்டும் வேண்டும்: ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடவும் தையல் போடவும் அதிகாரமில்லாதவர் படித்ததை எங்கே காட்டுவார்?

கேள்வி: தணிக்கையில் எங்கே மாட்டுவோம்?

பதில்: மாணவியின் பயிற்சிக் குறிப்பேடான லாக்-புக்கில். ஒரே பிரசவத்தை இரண்டு மாணவிகள் ‘நான் நடத்தியது’ என்று எழுதியிருப்பார்கள். நடத்தியது, உதவியது, பார்த்தது என மூன்று நெடுவரிசை வையுங்கள். பதிவேட்டு எண்ணையும் நேரத்தையும் எழுதி, அன்றே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்ட கையெழுத்து ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். தணிக்கையாளர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.