பணியை விடுவதற்கு முன், பொறுப்பைப் பிரித்துப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. இருவரும் முழுநேரப் பணியில் இருந்தும், "சொன்னால் செய்கிறேன்" என்று கணவர் காத்திருப்பதால், குழந்தையின் தடுப்பூசி நாள் உட்பட அனைத்தையும் நீங்களே நினைவில் சுமப்பதாகவும், அதனால் பணியை விட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் களைப்படையச் செய்வது இந்த ஓயாத திட்டமிடல்தான் என்று கருதுகிறேன். ஆகவே குழந்தையின் மருத்துவம் போன்ற ஒரு பொறுப்பை, நினைவில் வைப்பது, முடிவெடுப்பது, செய்து முடிப்பது என முழுமையாக அவரிடம் ஒப்படையுங்கள். குழந்தைக்குத் தீங்கில்லாத வரை, அவர் செய்யும் முறையைத் திருத்தப் போகாதீர்கள். அலுவலகத்தில் நேரச் சலுகையை அவரும் கேட்கட்டும். குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் ஏற்றுக்கொண்ட 156-ஆம் உடன்படிக்கை, ஆண், பெண் இருபாலருக்குமே பொருந்தும். பணிவிலகல் கடிதத்தை மட்டும் சில மாதங்கள் தள்ளிவையுங்கள்.