மஞ்சள் சட்டை வேண்டாம்

அன்புள்ள சார்,

கொல்கத்தாவைப் பற்றி எழுதும்போது, ‘அந்த ஊரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குப் போங்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். வயது 13. ஆகஸ்டில் நாங்கள் மூவரும் நான்கு நாள் கொல்கத்தா போகிறோம். மனைவிக்கு தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும் பார்க்க வேண்டும். எனக்கு விக்டோரியா நினைவகம், காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள். பையனுக்கு மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து ஆட்டம், வேறு எதுவும் வேண்டாம்.

இருப்பதே நாலு நாள், அதில் ஒன்றை டிவியில் பார்க்கிற ஆட்டத்துக்குக் கொடுப்பதா என்கிறாள் மனைவி. எனக்கு வேறொரு தயக்கம். அவர்களுக்கு அது நூறு வருடப் பகை. நாம் போய் மிருகக்காட்சி சாலை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வருவது முறையா? குடும்பத்தோடு போகலாமா? போனால் எந்தப் பக்கம் உட்காருவது?

ஆர்.,
கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. ஆட்டத்துக்கென்று ஒரு நாளை ஒதுக்கினால் அந்த நாள் போனதுதான். அதனால் ஒதுக்காதீர்கள். முதல் தடவை போனபோது நான் செய்த தப்பு அதுதான். மூன்று நாள் வாடகைக் காரில் ஊர் சுற்றினேன், நாலாவது நாள் ஓட்டலில் நன்றாகத் தூங்கி எழுந்து நேரே ஸ்டேடியத்துக்குப் போனேன். ஆட்டம் பார்த்தேன், கோல் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று மட்டும் புரியவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹவுரா ஸ்டேஷனிலிருந்து ஸ்டேடியம் வரைக்கும் ஒரே மெட்ரோ. பச்சை வழித்தடம் என்பார்கள். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் அந்தப் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த துண்டு 2025 ஆகஸ்டில் சேர்ந்தது. ஹவுரா, எஸ்பிளனேட், சியால்டா, சால்ட் லேக் ஸ்டேடியம் என்று வரிசையாக வரும். இந்த ஆட்டத்தின் கதையும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். யாரும் யோசித்துப் போட்ட வழி இல்லை, அதுவாக அப்படி அமைந்துவிட்டது.

ஆட்டத்தன்று காலையில் வீட்டம்மாவோடு தட்சிணேஸ்வரம் போங்கள். அங்கிருந்து படகில் பேலூர் போகலாம். இரண்டு இடத்திலும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரம் கிளம்புங்கள். திரும்ப தட்சிணேஸ்வரத்திலேயே மெட்ரோ உண்டு. அது நீல வழித்தடம், எஸ்பிளனேடில் கொண்டுவந்து விடும். அங்கே மேலே ஏறி வந்தால் மைதான், ஊர் நடுவில் இருக்கும் பெரிய புல்வெளி. பக்கத்திலேயே கிளப்புகள், கொஞ்சம் தள்ளி ஈடன் கார்டன்ஸ். விக்டோரியா நினைவகம் இதே மைதானின் தெற்கு ஓரத்தில்தான். உங்கள் வேலையும் அங்கே முடிந்துவிடும்.

மைதானில் பார்க்க வேண்டியது கிளப்புகளின் ‘டென்ட்’. அந்த நிலம் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் நூறு வருடத்துக்கு மேலான கிளப்புகளின் வீடுகளுக்கும் இன்றுவரை டென்ட் என்றுதான் பெயர். கேன்டீனில் ஸ்டூவும் டோஸ்ட்டும் கிடைக்கும். மிளகு மிதக்கும் வெள்ளை ஸ்டூ, நம் நாக்குக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

1911 ஜூலை 29 அன்று இந்த மைதானில்தான் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2–1 என்று தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்ட் கோப்பையை வாங்கியது. பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மோகன் பகானில் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். வெள்ளைக்காரனை ஒரு விஷயத்திலாவது கண்ணெதிரே ஜெயிக்க முடியும் என்று ஒரு ஊர் முழுக்க ஒரே சாயங்காலத்தில் தெரிந்துகொண்டது. பையனை அந்தப் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு ஓடச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மழையில் கணுக்கால் வரை சேறு இருக்கும். அதுவும் தெரியட்டும்.

அப்புறம் பச்சை ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சியால்டா. நேரம் இருந்தால் இறங்கி, பழைய ரயில் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். பார்க்க ஒன்றும் இல்லை, கூட்டம்தான். ஆனால் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இந்தப் பிளாட்பாரங்களில்தான் மாதக்கணக்கில் குடும்பம் நடத்தினார்கள். பாயும் அடுப்பும் குழந்தையும் அங்கேயே. ஈஸ்ட் பெங்கால் கிளப் அதற்கு வெகுமுன்பே தொடங்கியது, 1920 ஆகஸ்ட் 1. மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் கிழக்கு வங்கத்து ஆட்டக்காரர் ஒருவரை ஜோராபகான் கிளப் ஆடவிடாமல் உட்காரவைத்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஜோராபகானை விட்டு வெளியேறிய அதன் துணைத் தலைவர் தொடங்கியது அது. ஆனால் வீடு, நிலம், ஆறு எல்லாம் போன பிறகு, ‘எங்கள் ஊர்’ என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது கிளப்பின் பெயரிலிருந்த அந்த இரண்டு சொற்கள்தான். சிவப்பும் மஞ்சளும் அகதிகளின் நிறமானது அப்படித்தான். மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளைக் ‘கோட்டி’ என்றும் கிழக்கிலிருந்து வந்தவர்களைப் ‘பாங்கால்’ என்றும் சொல்வார்கள். திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே கோட்டி என்றால் தண்ணீர்ச் செம்பு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு சியால்டாவில் திரும்ப ரயில் ஏறினால், பெட்டியில் பாதிப் பேர் பச்சை–அரக்கு, பாதிப் பேர் சிவப்பு–மஞ்சள். இதற்குப் பிறகு யார் ஏன் கத்துகிறார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிவியில் வராதது இதுதான் என்று வீட்டில் சொல்லுங்கள். டிவியில் பந்து நன்றாகவே தெரியும், சொல்லப்போனால் ஸ்டேடியத்தைவிட நன்றாகத் தெரியும். சால்ட் லேக்கில் புல்லுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. மேல்தட்டில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் முதுகு எண்ணைப் படிக்கவே கண் வேண்டும்.

இப்போது உங்கள் தயக்கம். மிருகக்காட்சி சாலை என்றீர்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். விக்டோரியா நினைவகம் நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றே நிற்கிறது, டிக்கெட் கொடுத்து வரிசையில் விடுகிறார்கள். இந்த ஆட்டம் உங்களுக்காக நடக்கவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி சண்டை நடக்கும்போது உள்ளே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார வேண்டியதுதான். அந்தக் கூச்சம் உங்களுக்கு இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அது போதும். ஆனால் நடுநிலை என்று ஒன்று அங்கே கிடையாது. டிக்கெட்டே ஏதாவது ஒரு பக்கத்துக்குத்தான் வரும். எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அன்றைக்கு அந்தப் பக்கம் நீங்கள்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இரண்டாவது முறை போனபோது பெட்டியில் துவைத்து மிச்சமிருந்தது நம் சிஎஸ்கே மஞ்சள் டி-ஷர்ட் ஒன்றுதான். எதுவும் யோசிக்காமல் மாட்டிக்கொண்டு போய் மோகன் பகான் ரசிகர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் எதிரியின் நிறம் என்று உறைக்கவே பத்து நிமிடம் ஆனது. யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் ஒவ்வொருவராகத் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள். எழுபத்தைந்து வயது இருக்கும், பக்கத்தில் ஒரு பெரியவர். பையிலிருந்து நாலாக மடித்த செய்தித்தாளை எடுத்து என் மடியில் வைத்து, மார்போடு பிடித்துக்கொள்ளச் சைகை காட்டினார். பிறகு ஆங்கிலத்தில் எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். முகம் மாறிவிட்டது. “தங்கராஜ்!” என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பீட்டர் தங்கராஜைச் சொல்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோல்கீப்பர். பிறந்தது ஹைதராபாத்தில். பெயரை வைத்து அவரை என் கணக்கில் எழுதிவிட்டார் பெரியவர். உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் விரித்து, அவர் கைகளின் நீளத்தைக் காட்டினார். அந்த ஆள் பந்தை உதைத்தால் மறுபாதியில் போய் விழும் என்றார். தங்கராஜ் மோகன் பகானுக்கு மட்டுமல்ல, முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. செய்தித்தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 

குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டீர்கள். நான் போன ஆட்டங்களில் பெண்களும் பிள்ளைகளும் நிறையவே இருந்தார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இதே இரண்டு அணிகள் ஆடியபோது கலவரமும் நெரிசலுமாகி 16 பேர் செத்தார்கள். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக்கில் 1,30,000 பேருக்கு மேல் வந்தார்கள். பாய்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்து ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று ஜெயித்தது அன்றைக்குத்தான். இப்போது அவ்வளவு பேரை விடுவதில்லை. 2017 உலகக் கோப்பைக்காக, அந்த 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்காக, நாற்காலி போட்டுச் சீர்படுத்தியதில் கொள்ளளவு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே போய்விடுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் வாசல் தானாகக் காலியாகும். கடைசி மெட்ரோ எப்போது என்று மட்டும் முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

மெஸ்ஸி வந்த ஸ்டேடியமா என்று பையன் கேட்பான். ஆமாம், 2011இல் அர்ஜென்டினா – வெனிசுவேலா ஆட்டம் இங்கேதான். 2025 டிசம்பரில் ஆட்டமே இல்லாமல் ஆளை மட்டும் காட்டக் கூட்டிவந்தார்கள். பிரமுகர்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டதில் காசு கொடுத்தவர்கள் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை, நாற்காலிகள் பறந்தன. அந்த ஊரில் ஆட்டத்தைக் காட்டாமல் ஆளைக் காட்டினால் அப்படித்தான்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆகஸ்டை ஒட்டி டூரண்ட் கோப்பை நடக்கும். 1888இல் தொடங்கிய போட்டி, 2019 முதல் கொல்கத்தாதான் அதற்கு வீடு. ஆனால் இந்த இரண்டு அணிகளும் மோதுமா, என்றைக்கு மோதும் என்பதெல்லாம் கடைசி நேரத்தில் தெரியவரும், மாறவும் மாறும். 2024 ஆகஸ்ட் 18 அன்று மோதுவதாக இருந்தது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதற்காக ஊரே தெருவில் நின்ற நேரம். பாதுகாப்புக் காரணம் சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் இரண்டு கிளப் ரசிகர்களும் அதே சாயங்காலம் ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். அவரவர் கொடியோடு, ஒரே கோஷம் போட்டுக்கொண்டு, தடியடியையும் சேர்ந்தே வாங்கினார்கள். நூறு வருடப் பகை என்று எழுதியிருந்தீர்களே, அதனால் இதைச் சொன்னேன்.

ஒருவேளை நீங்கள் போகும் நாட்களில் இந்த மோதல் இல்லையென்றால் பையனைச் சமாதானப்படுத்த வழி உண்டு. கல்கத்தா லீக் 1898 முதல் நடக்கிறது, மழைக்காலத்தில்தான் நடக்கும். மைதானின் கிளப் மைதானங்களில் ஆட்டம் இருந்தால் பிற்பகலில் போய்ப் பார்க்கலாம். புல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் சால்ட் லேக்கில் உட்காரவே முடியாது, பயிற்சியாளர் திட்டுவது காதில் விழும். சில ஆட்டங்களை நைஹாட்டி, பாரக்பூர், கல்யாணி என்று வெளியே தள்ளிவிடுகிறார்கள். அதற்கும் சியால்டாவிலிருந்து லோக்கல் ரயில் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் 13 வயதில் இதைச் சொன்னால் எவன் கேட்பான்.

மறுநாள் காலையில் கரியாஹாட் மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது அங்கே வழக்கம். யார் தலை நிமிர்ந்து வந்து எந்தக் கூடைக்கு முன்னால் நிற்கிறார் என்று பார்த்தாலே முந்தின நாள் முடிவு தெரிந்துவிடும். வீட்டம்மா சைவம் என்றால் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போகவேண்டாம். பக்கத்தில் லேக் மார்க்கெட் இருக்கிறது. நம் ஆட்கள் தலைமுறைகளாக வாழ்கிற பகுதி. இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும், மல்லிகைப்பூவும் கிடைக்கும். நீங்களும் பையனும் சந்தையைப் பார்த்துவிட்டு அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம்.

டிக்கெட் கிடைத்ததும் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். சட்டை விஷயம் மறக்கவேண்டாம். பையனிடம் நீலத்தில் ஏதாவது இருக்கும், அதை எடுத்து வையுங்கள்.