வாங்கும் முன் கேளுங்கள்: எந்தப் பல்கலையில் சேர்ப்பது?

வேலூர் விஐடி, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம், தஞ்சை சாஸ்த்ரா. மகளுக்கு மூன்றிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேர்ப்பது? — ஒரு தாய், கரூர்

முதலில், எந்த வளாகம் என்று உறுதி செய்யுங்கள். எஸ்ஆர்எம்முக்கு ராமாபுரம், வடபழனியிலும் வளாகம் உண்டு, விஐடிக்குச் சென்னையிலும். கட்டணத்தையும் விசாரியுங்கள். விஐடியில் நுழைவுத்தேர்வு ரேங்க்கைப் பொறுத்துக் கட்டணப் பிரிவு மாறும். பக்கத்து பெஞ்சுப் பெண் பாதிக்கும் குறைவாகக் கட்டியிருக்கலாம். அங்கே பாடவேளையையும் ஆசிரியரையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. சுயமாக முடிவெடுக்கும் பெண்ணுக்கு அது வரம். மற்றவர்களுக்குத் தலைவலி.

அடுத்து, என் வயிற்றெரிச்சல். பைபாஸ் முழுக்க ஃப்ளெக்ஸ்: கோட்டு போட்ட ஒரு பையன், கீழே 'அரைக் கோடி பேக்கேஜ்'. அது அந்த ஒருவனின் சம்பளம். மிச்சப் பேருக்கு என்ன? மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் தளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரம் பிடிஎஃப்பாக இருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு, எல்லாம் ஒரே அட்டவணையில். மீடியன் என்றால், சம்பளங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அதுவும் அவர்களே கொடுத்த கணக்குதான், எல்லாப் பிரிவையும் சேர்த்தது. ஆனாலும் ஃப்ளெக்ஸுக்கு எவ்வளவோ மேல். மூன்றையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கட்டணம் கட்டியபின் கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்தது. பணமும் தர மாட்டோம், டிசியும் தர மாட்டோம் என்கிறார்கள். — விவசாயி, அரியலூர்

பயப்படாதீர்கள் ஐயா. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. அதே அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம் திரும்ப வர வேண்டும். 30 நாளைத் தாண்டினால் ஒன்றுமில்லை. சில வருடங்களில் இதைவிடத் தாராளமாகவும் சுற்றறிக்கை வந்திருக்கிறது, இந்த வருடத்தையும் பாருங்கள். இன்றே விலகல் கடிதம் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலும் அனுப்புங்கள். மசியவில்லையென்றால் யூஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார். நுகர்வோர் கோர்ட்டை நம்ப வேண்டாம். கல்வி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது.

மேனேஜ்மென்ட் சீட்டுக்காக ஏஜென்டிடம் ரொக்கமாக இரண்டு லட்சம் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. — சேலம்

நன்கொடை வசூலுக்கு இங்கே 1992-லிருந்தே தடைச்சட்டம் இருக்கிறது. ரசீது எப்படித் தருவான்? போலீசுக்குப் போங்கள்.

சேர்க்கையின்போதே லேப்டாப்பும் வாங்கச் சொல்கிறார்கள். — மதுரை

வேண்டாம். என் மகனுக்கு அப்படித்தான் வாங்கினேன். இரண்டாம் வருடம் கீல் உடைந்தது. அந்த ஊரில் சர்வீஸ் சென்டரே இல்லை.

வளாகம் சுற்றிப் பார்த்தோம். நீச்சல்குளம் பிரமாதம்! சேர்த்துவிடலாமா? — கோவை

பையனுக்கு நீந்தத் தெரியுமா?