மூடுபனி இருக்கிறது, பயம் எங்கே?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வைத்துத் திகில் நாவல் எழுதுகிறேன். 1805-ல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய வீடு. டிசம்பர் மாதம், பராமரிக்க வந்த பெண் தனியாக இருக்கிறாள். அத்தியாயம் தவறாமல் மூடுபனியும் உறைபனியும் உண்டு. படித்தவர்களோ, "வர்ணனை அழகு, பயம்தான் வரவில்லை" என்கிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: முதலில் பனியைக் குறையுங்கள். கோத்தகிரிக்காரருக்கு மூடுபனி என்றால் துணி காயாத எரிச்சல், அவ்வளவுதான். அது எதை மறைக்கிறது என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். அதனால் முதல் இரண்டு அத்தியாயங்களில் வீட்டை நல்ல வெயிலில் சுற்றிக் காட்டிவிடுங்கள். பழைய பங்களாக்கள் பலவற்றில் சமையற்கட்டு பின்புறம் தனியாக இருக்கும். அவள் பகலில் பால் பாத்திரத்தோடு அங்கே போகும்போது, பின்வாசலிலிருந்து பதினெட்டு காலடி என்று போகிற போக்கில் ஒரு வரி வரட்டும். நூறு பக்கம் கழித்து இப்படி:

"டார்ச்சை நேராகப் பிடித்தால் வெளிச்சம் வெள்ளையாகத் திரும்பி முகத்தில் அடித்தது. தரையைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டாள். பதினாறு. பதினேழு. பதினெட்டில் கையை நீட்டினாள். சுவர் இல்லை. பத்தொன்பது."

'மர்மம்', 'அமானுஷ்யம்' என்று ஒரு சொல் இல்லை. வாசகர் தானே எண்ணிக்கொண்டு வருகிறார், அது போதும். டார்ச் விஷயம் கற்பனையில்லை. பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். மலைப்பாதையில் ஹைபீம் போட்டு முழித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது வானிலை. இதில்தான் நீங்கள் உள்ளூர் வாசகரை இழக்கிறீர்கள். உங்கள் கதையில் ஒரே இரவில், ஒரே முற்றத்தில் மூடுபனியும் அடர்ந்து உறைபனியும் விழுகிறது. உறைபனிக்கு மேகமில்லாத வானமும் காற்றடங்கிய இரவும் வேண்டும். தரையின் சூடு மேலே போய், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். உதகைக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டு வீடுகள் தப்பிப்பது அதனால்தான். மேகம் மூடினால் சூடு அவ்வளவாக வெளியேறாது. இரண்டும் வேண்டுமென்றால் மாதத்தைப் பிரியுங்கள். கோத்தகிரி கிழக்குச் சரிவு. அங்கே வடகிழக்குப் பருவமழைதான் பலம். நவம்பரில் மதியம் மூன்று மணிக்கே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து வீட்டை மூடட்டும். உறைபனியை ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். அங்கே உதகை அளவுக்கு விழாது என்பதால் கீழ்ப்புல்வெளியில் ஒரே ஒரு விடியல் போதும். அதில் கால்தடம் பளிச்சென்று தெரியும், வெயில் ஏறியதும் அழிந்துவிடும். அவள் யாரிடம் காட்டி நிரூபிப்பாள்?

சத்தங்களுக்கும் இதே வழிதான்: இடத்தின் வழக்கத்தை வாசகருக்குப் பழக்கிவிட்டு, ஒரே ஒருமுறை மீறுங்கள். மழைக்கால ஈரத்தில் மரம் உப்பிக் கதவு நிலையில் இறுகும், தோளால் இடித்தால்தான் திறக்கும். பிப்ரவரியில் சுருங்கித் தாழ்ப்பாள் பிடிக்காமல் தானே திறந்துகொள்ளும். கதையை ஒரு பிப்ரவரியில் தொடங்கினால் இரண்டையும் காட்டிவிடலாம். பிறகு அடைமழை இரவில் அந்தக் கதவு ஓசையில்லாமல் திறந்து நிற்கட்டும். மழை நின்ற பிறகும் தைலமரத்தடியில் மட்டும் சொட்டும், இலைகள் மூடுபனியைப் பிடித்து நீராக்குவதால். சருகின்மேல் விழும்போது ஆள் நடப்பது போலவே கேட்கும். சீகாரப் பூங்குருவி விடியலில் மனிதர் சீழ்க்கையடிப்பது போலப் பாடும். முதல் தடவை அவள் பயந்து, தோட்டக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளட்டும். அப்புறம் அதே மெட்டு இரவு இரண்டு மணிக்கு.

ஒரு காட்சிக்கு இப்படி ஒரு விவரம் போதும். மூன்றைக் கொட்டினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும்.

சிக்னல் இல்லை என்ற சாக்கு பழசாகிவிட்டது. போன் வேலை செய்யட்டும், தீயணைப்புத் துறையும் எடுக்கட்டும். அவர்கள் சாலையில் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும். இன்றைய கதைக்கு அதுதான் பொருந்தும்.

1805-ஐ மாற்றியே ஆகவேண்டும். கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்ததே 1819-ல்தான். தேயிலைத் தோட்டம் என்றால் 1860-களுக்குப் பிறகு வைப்பது பாதுகாப்பு. கூடவே ஒன்று: நீலகிரிப் பழங்குடிகளான குறும்பரை மந்திரவாதியாக்கி வீட்டுக்குச் சாபம் விட வைக்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்ற சந்தேகத்துக்காகவே இந்த மலையில் குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கொடூரம் அப்படிச் சந்தேகித்துக் கொன்றவர்கள் பக்கம் இருக்கிறது.

பங்களாவின் பழைய பாவத்துக்கு வெளியே தேட வேண்டாம், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பராமரிப்பவள் கையில் பழைய செக்ரோல் புத்தகம், அதாவது தொழிலாளர்களின் தினசரி வருகையும் கூலியும் குறிக்கும் பதிவேடு, கிடைப்பது இயல்பு. இறந்ததாகக் குறித்த ஒரு பெண்ணுக்கு மறுநாளும், அதற்கடுத்த நாளும் பேர் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கூலியை யார் வாங்கினார்கள்? இது ஏழெட்டு அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். கடைசிக்கு வைத்தால் வெறும் விளக்கமாகச் சப்பென்று போய்விடும்.