எக்ஸோசோம் ஊசி போட்டால் இதயத்தின் பம்பிங் கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். எக்கோவில் பம்பிங் 32 சதவீதம்தான். எக்ஸோசோமை டிரிப்ஸில் ஏற்றினால் இதயத் தசை மீண்டும் வளரும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். பணத்தைப் புரட்டலாமா?

பதில்: வேண்டாம்.

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்பை. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இருக்கும். ஸ்டெம் செல் வளர்த்த திரவத்திலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பைகள், மாரடைப்பு உண்டாக்கிய எலிகளில் தசை இறப்பைக் குறைத்ததாக 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. நம்பிக்கை அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் அந்த எலிகளுக்கு அடைப்பு நீங்கும் நேரத்தை ஒட்டியே மருந்து போனது. செத்துக்கொண்டிருந்த தசையைக் காப்பாற்றுவது வேறு, நான்கு மாதம் கழித்துத் தழும்பாகிவிட்ட இடத்தில் தசையை வளர்ப்பது வேறு. உங்கள் அப்பா இருப்பது இரண்டாவது நிலையில்.

நரம்பு வழியாக ஏற்றும் பைகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். இதயத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். இன்னொன்றும் கவலை தருகிறது. இந்தப் பைகள் பலவற்றின் மேற்பரப்பில் ரத்தத்தை உறையவைக்கும் பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு இருக்கும். புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு அது நல்லதல்ல. 'இத்தனை கோடித் துகள்' என்று பாட்டிலில் போட்டிருப்பதையும் நம்ப முடியாது. எண்ணும் கருவிக்குப் பையும் புரதக் கட்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அமெரிக்காவில் இத்தகைய ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கடும் பாதிப்பு வந்ததால் 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை விட்டது.

'இது ஆய்வுதான்' என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான மருந்து ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. ஊசிக்காக ரத்தக்கட்டு தடுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கார்டியாலஜிஸ்ட்டைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

பம்பிங்கைக் கூட்ட நிரூபணமான வழி மாத்திரைகளில் இருக்கிறது: சாகுபிட்ரில்-வால்சார்டான், பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் வகை. மருந்துச் சீட்டில் நான்கும் இருக்கிறதா, எந்த அளவில் என்று பாருங்கள். பலர் ஆரம்ப டோஸிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்; பலன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்த அழுத்தம் இடம்கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் டோஸைக் கூட்டுவார். கூட்டிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் உடனே அவரிடம் சொல்லுங்கள். அப்பா இப்போது ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை சாப்பிடுகிறார் என்றால், அதை நிறுத்தி 36 மணி நேரம் கழித்தே சாகுபிட்ரில் தொடங்க வேண்டும். இல்லையெனில் முகமும் தொண்டையும் வீங்கலாம்.

முழு டோஸில் மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுங்கள். அப்போதும் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் வைக்கும் கருவி) தேவையா என்று கார்டியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். புரட்டும் பணத்தை அதற்கு வைத்திருங்கள்.